கன்னத்தில் 6 மிமீ திட்டு, பெர்-ஈபி4 ஸ்டெயின் பாசிட்டிவ்: பேசல் செல் கார்சினோமா (பிசிசி) என்ற தோல் புற்றுநோய் என்று எழுதிவிடலாமா?

கேள்வி: முதுநிலை மாணவி, நோய்க்குறியியல்

வணக்கம். ஒரு ஸ்லைடில் முடிவுக்கு வர முடியவில்லை, உதவி வேண்டும்.

34 வயதுப் பெண். வலது கன்னத்தில் 6 மிமீ அளவில், தோல் நிறத்திலேயே, கெட்டியான திட்டு. ஓரம் லேசாக மேடு தட்டி நடுவில் குழி விழுந்திருக்கிறது. புண் இல்லை, ரத்தக் கசிவும் இல்லை. வந்தது 4 மிமீ பஞ்ச் பயாப்ஸி. ஆழம் சுமார் 3 மிமீ, கொழுப்பு வரவில்லை.

ஹெச் அண்ட் ஈ-யில் (வழக்கமான அடிப்படை ஸ்டெயின்) டெர்மிஸில், அதாவது உள்தோலில், ஒன்று முதல் மூன்று செல் தடிமனுக்கு பேசலாய்டு செல் (மேல்தோலின் அடியடுக்குச் செல் போன்றவை) இழைகள். இடையிடையே கெரட்டின் நிரம்பிய குட்டி சிஸ்டுகள், இரண்டு இடத்தில் சுண்ணாம்புப் படிவு, சுற்றிலும் அடர்ந்த கொலாஜன். மைட்டோசிஸ் (செல் பிரிதல்) தேடியும் கிடைக்கவில்லை. டெஸ்மோபிளாஸ்டிக் ட்ரைக்கோஎபிதீலியோமா (மயிர்க்கால் வகையைச் சேர்ந்த, புற்றுநோய் அல்லாத கட்டி) என்று நினைத்தேன். பெர்-ஈபி4 (பிடித்த செல்லைப் பழுப்பாக்கும் ஆன்டிபாடி ஸ்டெயின்) போட்டால் பாசிட்டிவ். உடனே, "அப்படியானால் மார்ஃபியா வகை (தழும்புபோல் கெட்டியாகப் பரவும்) பேசல் செல் கார்சினோமாதான், பிசிசி என்றே எழுது" என்கிறார்கள். பிளாக்கில் திசு அதிகம் மிச்சமில்லை. அடுத்து எதைப் போடுவது?

பதில் 1: தோல் நோய்க்குறியியல் மருத்துவர்

டாக்டர், பெர்-ஈபி4 இந்தக் கேள்விக்கான ஸ்டெயினே அல்ல. பிசிசியை ஸ்குவாமஸ் செல் கார்சினோமாவிலிருந்து பிரிக்க அது நன்றாக உதவும். ஆனால் மயிர்க்காலின் முளைச் செல்களும் அதில் பழுப்பாகும். ட்ரைக்கோபிளாஸ்டோமாவும் ட்ரைக்கோஎபிதீலியோமாவும் அந்தச் செல்களின் சாயலில் வளர்கிற கட்டிகள், அதனால் அவையும் பழுப்பாகத்தான் செய்யும். அந்த ஒரு பாசிட்டிவை வைத்து 34 வயதுப் பெண்ணின் கன்னத்தில் புற்றுநோய் என்று எழுதிவிட்டால், அறுவை மருத்துவர் சுற்றிலும் 4 மிமீ நல்ல தோலையும் சேர்த்து எடுப்பார். அந்தத் தழும்பு முகத்தை விட்டுப் போகாது. தயவுசெய்து அவசரப்படாதீர்கள்.

முதலில் ஹெச் அண்ட் ஈ-யையே 10 எக்ஸ் லென்ஸில் இன்னொரு முறை வையுங்கள். செல்லைப் பார்க்க வேண்டாம், வெள்ளைப் பிளவு எங்கே விழுந்திருக்கிறது என்று பாருங்கள். பிசிசியில் கட்டிச் செல்லுக்கும் ஸ்ட்ரோமாவுக்கும் (கட்டியைச் சூழ்ந்து தாங்கும் திசு) நடுவே பிளவு ஓடும், உள்ளே நீலச் சாயலில் மியூசின் (கூழ் போன்ற பொருள்) தெரியலாம். மயிர்க்கால் கட்டிகளில் ஸ்ட்ரோமா செல்லோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். பிளவு விழுந்தாலும் அந்த ஸ்ட்ரோமாவுக்கும் அதற்கு வெளியே உள்ள கொலாஜனுக்கும் இடையில்தான் விழும். வேர்க்கடலையின் சிவப்புத் தோல் பருப்போடு ஒட்டியிருக்க, வெளி ஓடு மட்டும் விலகி நிற்பதைப் போல. ஒரு எச்சரிக்கை: ஃபார்மலின் சரியாக ஊறாத திசுவில் எல்லா இடத்திலும் பொய்ப் பிளவு விழும். வியர்வைச் சுரப்பியைச் சுற்றியும் பிளவு தெரிந்தால் இந்த அடையாளத்தை நம்பாதீர்கள்.

பாப்பில்லரி மெசன்கைமல் பாடியைத் தேடி ஏமாற வேண்டாம். பேசலாய்டு செல் கூட்டம் கிண்ணம்போல் குழிய, அதற்குள் குண்டான ஃபைப்ரோபிளாஸ்ட்கள் மொட்டாகத் திரண்டு நிற்பதுதான் அது. சாதாரண ட்ரைக்கோஎபிதீலியோமாவில் அழகாகத் தெரியும், டெஸ்மோபிளாஸ்டிக் வகையில் பெரும்பாலும் இருக்காது. இல்லை என்பதற்காக நோயறிதலைக் கைவிட வேண்டியதில்லை.

நீங்கள் சொன்ன கெரட்டின் சிஸ்டுகள், சுண்ணாம்பு, மெல்லிய இழைகள், மைட்டோசிஸ் இல்லாமை, நடுக்குழி எல்லாமே டெஸ்மோபிளாஸ்டிக் ட்ரைக்கோஎபிதீலியோமாவின் பக்கம்தான் பேசுகின்றன. பிரௌன்ஸ்டீனும் ஷாபிரோவும் 1977-இல் இதை விவரித்தபோதே சொன்ன அடையாளங்கள் இவை. இழைகளின் நுனி தலைப்பிரட்டை வால்போல நீள்வதையும் பார்க்கலாம். சிரிங்கோமாவிலும் (வியர்வைக் குழாய்க் கட்டி) அது வரும், அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. வெடித்த சிஸ்டைச் சுற்றி ஜயண்ட் செல்கள் (பல நியூக்ளியஸ் கொண்ட பெரிய செல்கள்) இருந்தால் பயப்பட வேண்டாம்.

இம்யூனோவில் (ஆன்டிபாடி ஸ்டெயின்களில்) நான் கேட்பது மூன்றுதான்: சிகே20, ஆண்ட்ரோஜன் ரிசெப்டர், கிடைத்தால் பிஹெச்எல்டிஏ1.

சிகே20 கட்டிச் செல்லைக் காட்டாது. கட்டிக்குள் குடியேறிய மெர்க்கல் செல்களை (தோலின் தொடு உணர்வுச் செல்கள்) காட்டும். மயிர்க்கால் கட்டியில் அவை இழைகளுக்குள் ஒன்றிரண்டாகச் சிதறி நிற்கும், பிசிசியில் காண்பது அரிது. இங்கே இரண்டு தவறு நடக்கும். ஒன்று, எபிடெர்மிஸிலும் (மேல்தோல்) இயல்பான மயிர்க்காலிலும் ஏற்கனவே இருக்கும் மெர்க்கல் செல்களைச் சேர்த்து எண்ணிவிடுவது. மற்றொன்று, ஒரே செக்‌ஷனில் காணாமல் நெகட்டிவ் என்று முடித்துவிடுவது. குறைந்தது இரண்டு லெவலில் (பிளாக்கின் வெவ்வேறு ஆழ வெட்டுகளில்), 40 எக்ஸில் இழை இழையாகப் போக வேண்டும்.

ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் நியூக்ளியஸில் வரும். பல பிசிசிகளில் பாசிட்டிவ், எல்லாவற்றிலும் அல்ல. ஆகவே கட்டி நியூக்ளியஸ் பழுப்பானால் பிசிசி பக்கம் சாயலாம், பழுப்பாகாவிட்டால் அதை மட்டும் கொண்டு பிசிசி இல்லை என்று சொல்ல முடியாது. முகத்தோலில் செபேஷியஸ் சுரப்பி (எண்ணெய்ச் சுரப்பி) நிறைய இருக்கும். அதன் நியூக்ளியஸே உங்கள் உள் கண்ட்ரோல், ஸ்டெயின் வேலை செய்ததா என்று காட்டும். அதுவும் வெளுப்பாக இருந்தால் ஸ்டெயின் தோற்றுவிட்டது, படிக்காதீர்கள்.

பிஹெச்எல்டிஏ1 மயிர்க்கால் கட்டியில் பரவலாகப் பிடிக்கும், பிசிசியில் பெரும்பாலும் பிடிக்காது. புண்ணான பிசிசியில் பிடிக்கலாம். உங்கள் நோயாளிக்குப் புண் இல்லை என்பது நல்லது. பிசிஎல்2, சிடி10, சிடி34 எல்லாம் புத்தகத்தில் இருக்கும். மெல்லிய இழைகளில் ஓரம் எது, நடு எது என்றே தெரியாது, அதனால் திசுவை அவற்றில் செலவழிக்க மாட்டேன்.

பதில் 2: ஆய்வகத் தொழில்நுட்பர், ஹிஸ்டாலஜி

மேடம், திசு குறைவு என்கிறீர்கள், ஆகவே வெட்டும் முறை முக்கியம். ஒவ்வொரு ஸ்டெயினுக்கும் தனித்தனியாக பிளாக்கைத் திரும்ப மாட்டாதீர்கள். மைக்ரோடோமில் (திசுவை மெல்லியதாகச் சீவும் கருவி) மறுபடி மாட்டும்போது கோணம் மயிரிழை மாறினாலும் முகம் சமமாகும்வரை பல செக்‌ஷன் வீணாகும். ஒரே அமர்வில் 4 மைக்ரானில் 12 எடுத்துவிடுங்கள். 1, 6, 12 ஹெச் அண்ட் ஈ-க்கு. மீதியைச் சார்ஜ்டு ஸ்லைடில் (திசுவைப் பிடித்துவைக்கும் மின்னூட்ட ஸ்லைடு) ஏற்றி எண்ணிட்டு வையுங்கள். சாதாரண ஸ்லைடில் ஏற்றினால் ஆன்டிஜன் ரிட்ரீவல் (ஆன்டிபாடி பிடிக்கும்படி திசுவைச் சூடாக்குவது) சூட்டில் திசு கழன்று மிதக்கும். ஓவனில் 60 டிகிரியில் ஒரு மணி நேரம் காய்ந்தால் போதும்.

சுண்ணாம்பு இருப்பதால் கத்தி கோடு போடும். பிளாக்கைப் பனிக்கட்டியில் நன்றாகக் குளிரவைத்து, புது பிளேடில், சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். இந்த அளவு சுண்ணாம்புக்கு ஆசிட் தேவையில்லை.

இடையில் ஒரு கேள்வி: ஆய்வக மாணவர்

அண்ணா, பைலோமேட்ரிக்கோமா (சுண்ணாம்பு படியும் இன்னொரு மயிர்க்கால் கட்டி) பிளாக் கல்போல இருக்கிறது, செக்‌ஷன் தூளாகிறது. அதற்கும் இதே வழியா?

பதில்: ஆய்வகத் தொழில்நுட்பர்

இல்லை தம்பி, அதற்கு மேற்பரப்பு டிகால்சிஃபிகேஷன் (மேல் அடுக்கின் சுண்ணாம்பைக் கரைப்பது) வேண்டும். மெழுகைச் சமமாகச் சீவி திசு தெரிந்ததும், 10 சதவீத ஃபார்மிக் ஆசிடில் நனைத்த பஞ்சின்மேல் பிளாக்கைக் குப்புற வைத்து 20 நிமிடம் கழித்துப் பாருங்கள். தண்ணீரில் கழுவி, குளிரவைத்து, உடனே வெட்டுங்கள். மேலே மெல்லிய அடுக்கு மட்டும்தான் இளகியிருக்கும், முதல் சில செக்‌ஷனிலேயே வேண்டியதை எடுத்துவிட வேண்டும். ஆசிடில் மறந்து விட்டுவிட்டால் ஹீமாடாக்சிலின் பிடிக்காது, நியூக்ளியஸ் எல்லாம் வெளிறிவிடும்.

பதில் 3: தோல் நோய்க்குறியியல் மருத்துவர்

பைலோமேட்ரிக்கோமா பேச்சு வந்ததால் ஒன்று. குழந்தையின் கழுத்துக் கட்டியில் எஃப்என்ஏசி (மெல்லிய ஊசியால் செல்களை உறிஞ்சும் பரிசோதனை) எடுத்து, பேசலாய்டு செல்களை மட்டும் பார்த்துவிட்டு ஸ்மால் ரவுண்ட் செல் டியூமர் (ஒரு புற்றுநோய் வகை) என்று எழுதுவது தெரிந்த பிழை. ஆவிச் செல்களைத் தேடுங்கள்: ஓரம் தெளிவாக, நடுவில் நியூக்ளியஸ் இருந்த இடம் வெறும் வெள்ளை ஓட்டையாகத் தெரியும். பேசலாய்டு பகுதியில் மைட்டோசிஸ் நிறைய இருந்தாலும் அது மட்டும் புற்றுநோய் ஆகாது.

மூலக் கேள்விக்கு வருகிறேன். எல்லோரும் பிசிசியைப் பற்றியே பேசுகிறோம். எனக்கு அதைவிடக் கவலை மைக்ரோசிஸ்டிக் அட்னெக்சல் கார்சினோமா என்ற, ஆழமாக ஊடுருவும் தோல் புற்றுநோய். அதுவும் மேலே கெரட்டின் சிஸ்டும் மெல்லிய இழையுமாக இதேபோலத்தான் இருக்கும். வித்தியாசம் கீழே: குழாய்கள், சிறுத்துக்கொண்டே போகும் இழைகள், கொழுப்பிலும் தசையிலும் ஊடுருவல், நரம்பைச் சுற்றிப் படர்வது. உங்கள் 3 மிமீ பஞ்சில் அந்தப் பகுதியே இல்லை. ஸ்லைடில் உள்ள ஒவ்வொரு நரம்பையும் 20 எக்ஸில் பாருங்கள், குழாய் போலத் தெரிந்தால் குழாய்களைக் காட்டும் சிஇஏ அல்லது ஈஎம்ஏ ஸ்டெயின் போடுங்கள். பிஹெச்எல்டிஏ1 இந்தக் கேள்விக்கு உதவாது. சிகே20 மெர்க்கல் செல்கள் உதவும்.

நோயாளியிடம் இன்னொன்றும் கேட்கச் சொல்லுங்கள்: மூக்கைச் சுற்றி இதுபோல் பல முடிச்சுகள் உண்டா, பெற்றோருக்கு உண்டா? பல இருந்தால் 16ஆம் குரோமோசோமில் உள்ள சிஒய்எல்டி மரபணுவை நினைக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர், முடிவுகளுடன்

மிக்க நன்றி. சிகே20-இல் இரண்டு லெவலிலும் சேர்த்து இழைகளுக்குள் 7 செல்கள், எபிடெர்மிஸை எண்ணவில்லை. ஆண்ட்ரோஜன் ரிசெப்டர் கட்டியில் நெகட்டிவ், செபேஷியஸ் சுரப்பியில் நல்ல பாசிட்டிவ். பிஹெச்எல்டிஏ1 பரவலாகப் பாசிட்டிவ். பார்த்த நரம்புகளில் எதுவும் இல்லை, குழாயும் இல்லை. குடும்பத்தில் யாருக்கும் இல்லையாம். ஆனால் இழைகள் மாதிரியின் அடி விளிம்பைத் தொடுகின்றன. ரிப்போர்ட்டில் எப்படி எழுதுவது?

பதில் 4: தோல் நோய்க்குறியியல் மருத்துவர்

இப்படி எழுதுங்கள்: "டெஸ்மோபிளாஸ்டிக் ட்ரைக்கோஎபிதீலியோமாவுக்குச் சாதகமான தோற்றம். கட்டி மாதிரியின் அடிவரை உள்ளது, ஆழ எல்லையை மதிப்பிட இயலவில்லை. கொழுப்பு உட்பட முழு ஆழத்துக்கு அகற்றிய மாதிரி தேவை." சாதகமான என்ற சொல்லை யாராவது நீக்கச் சொன்னால் நீக்காதீர்கள். அடிப்பகுதி வராத மாதிரியில் அதற்கு மேல் உறுதி சொல்ல நமக்கு உரிமை இல்லை.

அறுவை மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, பிசிசி அளவுக்கு அகல விளிம்பு வேண்டாம், ஆழம்தான் வேண்டும் என்று நேரடியாகச் சொல்லுங்கள். ஃப்ரோசன் செக்‌ஷனை (அறுவையின்போதே திசுவை உறையவைத்துப் பார்ப்பது) நம்பி எடுப்பதாக இருந்தால் தடுத்துவிடுங்கள். உறைந்த திசுவில் இந்த இழைகள் பிசிசி போலவே தெரியும், நல்ல தோலை அடுக்கடுக்காக வெட்டிக்கொண்டே போவார்கள். மாதிரி வந்ததும் 10 மடங்கு ஃபார்மலினில் ஓர் இரவு ஊறவிட்டு, அடிப்பகுதிக்கும் பக்கங்களுக்கும் மை பூசி, 2 மிமீ துண்டுகளாக்கி முழுவதையும் பிளாக் செய்யுங்கள். கட்டி டெர்மிஸுக்குள்ளேயே ஒரு கோட்டில் நின்றிருந்தால் "சாதகமான" என்ற சொல்லை எடுத்துவிடலாம். ஓர் இழை கொழுப்புக்குள் இறங்கியிருந்தாலும் பழைய ஸ்லைடையும் புதியதையும் பக்கத்தில் வைத்து மறுபடி தொடங்க வேண்டும்.