கலைச்சொல்: பிரெக்சியாவுக்குக் 'கோணக்கல்' போதுமா?

> ஹைட்ரோதெர்மல் ஆல்டரேஷன் – நீர்வெப்ப உருமாற்றம். பிரெக்சியா (நொறுங்கிய பாறைத் துண்டுகள் மீண்டும் ஒட்டிய கல்) – கோணக்கல். ஆட்சேபம் இல்லையென்றால் பட்டியலில் ஏற்றிவிடலாம்.

வணக்கம் ஐயா, இரண்டுக்குமே ஆட்சேபம் உண்டு.

'உருமாறிய பாறை' என்று பள்ளிப் பாடத்திலேயே நைஸைச் சொல்லிவிட்டோம். கிருஷ்ணகிரி, தருமபுரியில் காலடியில் கிடப்பதே நைஸ்தான். இங்கே 'உருமாற்றம்' என்று எழுதினால் எந்த மாற்றம் என்று யாருக்கும் புரியாது. வெந்நீர் விரிசல் வழியே ஏறி, இருக்கும் கனிமத்தைத் தின்று இன்னொன்றாக்குகிறது. பால் திரிவதற்கு நம்மிடம் சொல் இருக்கிறதே! 'வெந்நீர்த் திரிபு' என்கிறேன். தாதுப் பகுதியின் நடுவில் பயோட்டைட், பொட்டாசிய ஃபெல்ஸ்பார் என்ற கனிமங்கள் வந்தால் பொட்டாசியத் திரிபு. வெளிவிளிம்பில் குளோரைட், எபிடோட் என்ற பச்சைக் கனிமங்கள் வந்தால் பச்சைத் திரிபு.

'கோணக்கல்' வடிவத்தை மட்டும் பிடிக்கிறது. குழாய் வடிவில் மேலேறிய பிரெக்சியாவில் துண்டுகள் ஒன்றோடொன்று உரசி உருண்டையாகியும் கிடக்கும். எனவே 'நொறுங்கல்'. அதற்குள் மூன்று சொல் கட்டாயம் வேண்டும்: துண்டுக்குச் 'சில்லு', இடையிலுள்ள பொடிக்குக் 'கல்மாவு', வெந்நீரிலிருந்து படிந்து ஒட்டவைத்த கனிமத்துக்குச் 'சாந்து'. சிலியின் எல் தெனியந்தே செம்புச் சுரங்கத்தில் பிராடன் குழாய் என்ற நொறுங்கல் பிந்தி வந்தது. அதில் செம்பு குறைவு, தாது சுற்றியுள்ள பாறையில்தான். அதே நாட்டின் லோஸ் புரோன்செஸ் சுரங்கத்தில் டூர்மலின் என்ற கனிமம் ஒட்டிய நொறுங்கலே தாது. சில்லையும் சாந்தையும் பிரித்து எழுதாவிட்டால் இந்த வித்தியாசம் குறிப்பில் தொலைந்துபோகும்.

> திரிபு, நொறுங்கல், சில்லு மூன்றும் சரி. மற்ற இரண்டில் சிக்கல்.

> 'பச்சைத் திரிபு' நம் பக்கம் ஆபத்து. இங்குள்ள எபிடோட்–ஹார்ன்பிளெண்ட் நைஸ் தானாகவே பச்சை; புதிதாக வருபவர் ஊரையே தாதுக்கு விளிம்பு என்று குறித்துவிடுவார். பொட்டாசிய ஃபெல்ஸ்பாரின் இளஞ்சிவப்பிலும் இதே கதை: குவாரிக் கல்லில் அது பிறவி நிறம். நரம்பின் (கனிமம் நிரம்பிய விரிசல்) இருபுறமும் அடர்ந்து, தள்ளிப்போகப்போக மங்கினால்தான் திரிபு எனச் சந்தேகிக்கலாம். நிறத்தை விட்டுக் கனிமத்தின் பெயரையே வையுங்கள்: 'குளோரைட்–எபிடோட் திரிபு'.

> 'சாந்து' மணலும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசுவது. இதுவோ போர் தண்ணீர் அண்டாவில் உப்புப் படிகிற மாதிரி, சந்துக்குள் தானாக வளர்ந்தது. 'படிபசை' பொருந்தும்.

ஏற்றுக்கொள்கிறேன் ஐயா, இரண்டையும். நரம்பு சில்லின் விளிம்போடு நின்றால் அது நொறுங்கலுக்கு முந்தியது. சில்லையும் படிபசையையும் சேர்த்து வெட்டினால் பிந்தியது. இதைக் குறிப்பில் எழுத இந்தச் சொற்கள் போதுகின்றனவா என்று பார்த்தேன். மாதிரிக்கு ஒரு வரி (செரிசைட் நுண்ணிய மைக்கா, கால்கோபைரைட் செம்புத் தாது):

"நொறுங்கல், சில்லு 60%, செரிசைட் திரிபு, கல்மாவு 15%, படிபசை 25%, குவார்ட்ஸ்–கால்கோபைரைட், குவார்ட்ஸ் நரம்பு சில்லு விளிம்பில் நிற்கிறது, மாதிரியைத் தொடுகோட்டில் நிறுத்து."

அந்தக் கடைசித் துண்டை விடக்கூடாது. மீட்டர் கணக்குக்காகத் தொடுகோட்டை (இரு வகைப் பாறை சந்திக்கும் எல்லை) தாண்டி மாதிரி வெட்டினால், தாதுள்ளதும் இல்லாததும் கலந்து இரண்டுமே சுமாராகத் தெரியும்.