கணுக்கால் சுளுக்குக்கு ஆர்னிகா: உருண்டையா, டிங்சரா?

ஷட்டில்காரன்:

வணக்கம். வயது 41, ஊர் ஈரோடு. ஞாயிறு காலை ஷட்டில் ஆடும்போது எகிறி அடித்துவிட்டு இறங்கியதில் இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. 'டக்' என்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. கூட ஆடியவர், அது என் பேட் விழுந்த சத்தம் என்கிறார். அரை மணி நேரத்தில் வெளிப்பக்கம் கோழிமுட்டை அளவுக்கு வீங்கிவிட்டது. இன்று மூன்றாம் நாள். பாதத்தின் ஓரம் வரை ஊதா நிறம் இறங்கியிருக்கிறது. விழுந்ததில் முழங்காலில் சிராய்ப்பும் உண்டு.

அம்மா அன்றைக்கே புளியும் உப்பும் கரைத்துக் கொதிக்கவைத்துச் சூடாகப் பற்றுப் போட்டார். மச்சான் ஹோமியோ ஆள். சின்ன சீசாவில் ஆர்னிகா 200 உருண்டையும், 30 மில்லி ஆர்னிகா மதர் டிங்சரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுக் கோயம்புத்தூர் போய்விட்டார். போனில் கேட்டால் 'உருண்டை நாலு, டிங்சர் பத்து சொட்டு' என்றார். குடிக்கவா தடவவா என்று நான் கேட்பதற்குள் பஸ் இரைச்சலில் லைன் கட்டாகிவிட்டது. அப்புறம் எடுக்கவில்லை.

எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி மனைவி திட்டுகிறாள். தேவையா? டிங்சரை என்ன செய்ய?

நொச்சி இலை:

தம்பி, அடிபட்ட வீக்கத்துக்கு ஆர்னிகாதான் முதல் மருந்து. எங்கள் வீட்டில் பிள்ளைகள் சைக்கிளில் விழுந்தால் கை அதற்குத்தான் போகும். ஆனால் சுளுக்குக்கு ரஸ்டாக்ஸ் இன்னும் நல்லது. எழுந்து முதல் அடி வைக்கும்போது உயிர் போய், நடக்க நடக்க வலி குறைகிறதா? அப்படியென்றால் ரஸ்டாக்ஸ். அசைந்தாலே வலி என்றால் பிரயோனியா. உருண்டையைக் கையில் தொடாமல் மூடியில் கொட்டி நாக்கில் போடுங்கள். காபி கூடாது.

கல்லாப்பெட்டி:

மதுரையில் ஹோமியோ மருந்துக்கடை கவுண்டரில் 19 வருடம் நின்றவன் நான். கடையில் அதிகம் விற்றது எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன், ஆர்னிகா. பைக்கில் விழுந்தவர், கபடிப் பையன்கள், பல் பிடுங்கிக்கொண்டு கன்னத்தைப் பிடித்தபடி வருபவர், எல்லோருக்கும் அதுதான். அதனால் எதிர்க்கட்சி ஆள் பேசுகிறான் என்று நினைக்க வேண்டாம்.

முதலில் டிங்சர். அதைக் குடிக்காதீர்கள். ஆர்னிகா ஐரோப்பிய மலைப்புல்வெளிகளில் மஞ்சளாகப் பூக்கும் ஒரு செடி. மதர் டிங்சர் என்பது அந்தச் செடியை ஸ்பிரிட்டில் ஊறவைத்து இறக்கிய சாறு. ஹெலினாலின் என்றொரு பொருள் அதில் உண்டு. வயிற்றுக்குள் போனால் குடலைப் புண்ணாக்கும், அளவு கூடினால் இதயத்தையும் தொடும். சில டாக்டர்கள் உள்ளுக்கும் எழுதித் தருவார்கள், அது அவர்கள் பொறுப்பு. பஸ்ஸிலிருந்து வந்த அரைகுறை போனை நம்பி நீங்களாகக் குடிக்கக் கூடாது. முழங்கால் சிராய்ப்பிலும் அது படக்கூடாது. தோல் கிழியாத இடத்தில் மட்டும்தான். சிராய்ப்பைச் சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். டெட்டனஸுக்கான டிடி ஊசி எப்போது போட்டீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி அந்த உருண்டை. 200 என்பதைப் பார்த்து நிறையப் பேர் வீரியம் அதிகம், மருந்து அதிகம் என்று நினைப்பார்கள். உண்மையில் தலைகீழ். ஒரு பங்கு சாற்றை 99 பங்கு ஸ்பிரிட்டில் கலந்து குலுக்கி, அதிலிருந்து ஒரு பங்கை எடுத்து மறுபடி 99 பங்கில் கலந்து, இப்படியே 200 தடவை. வேதியியல் கணக்குப்படி 12 தடவை தாண்டும்போதே செடியின் ஒரு மூலக்கூறுகூட மிஞ்சியிருக்க வாய்ப்பில்லை. 200 தடவைக்கு என்ன சொல்ல! சர்க்கரை உருண்டைதான். அதனால் அதைச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. ஒன்றும் ஆகாது என்பதை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, ஒரே பேர், இரண்டு வேறு சரக்கு. ஒன்றில் செடி இருக்கிறது, மற்றதில் இல்லை. 2007இல் சுவிட்சர்லாந்தில் கைவிரல் மூட்டுத் தேய்மானம் உள்ள 204 பேருக்கு 21 நாள் ஆர்னிகா ஜெல்லையும் ஐபுபுரூஃபன் ஜெல்லையும் தடவிப் பார்த்தார்கள். ஆர்னிகா பின்தங்கவில்லை. ஆனால் அது செடிச்சாறு நிறையச் சேர்த்த ஜெல், அதுவும் விரல் மூட்டுக்கு. புதுச் சுளுக்குக்கு அல்ல. உருண்டையையும் சோதித்திருக்கிறார்கள். 2003இல் இங்கிலாந்தில் மணிக்கட்டு அறுவை செய்துகொண்ட 64 பேருக்கு ஆர்னிகா 30, ஆர்னிகா 6, வெறும் உருண்டை என்று பிரித்துக் கொடுத்தார்கள். வலியிலும் கன்றிப்போன நிறத்திலும் வித்தியாசம் இல்லை.

பின்னே எத்தனை பேர் கடைக்கு வந்து கை கூப்பினார்கள் என்று கேட்பீர்கள். நிறையப் பேர். சாதாரணச் சுளுக்கு தானாகவே ஒன்றிரண்டு வாரத்தில் இறங்கும், நன்றி மட்டும் எங்கள் கல்லாவில் விழும். குணமாகாதவர்கள் வேறு எங்காவது போயிருப்பார்கள், எனக்குத் தெரியவந்ததில்லை. ஒருவரைத் தவிர. குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு அம்மாவுக்கு அவர் மகன் ஒன்பது நாள் ஆர்னிகா வாங்கிக்கொண்டு போனார். பத்தாம் நாள் வந்து, இடுப்பெலும்பு முறிந்திருந்ததாம் என்று சொன்னார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அதனால் உங்கள் கேள்வி மருந்தைப் பற்றியது அல்ல, எலும்பைப் பற்றியது. கனடாவின் ஒட்டாவாவில் டாக்டர்கள் வகுத்த எளிய சோதனை இருக்கிறது. நொண்டியாவது நாலு அடி வைக்க முடிகிறதா? அப்புறம் விரலால் அழுத்துங்கள். இரண்டு பக்கக் கணுக்கால் குமிழ்களின் பின்விளிம்பு, கீழ்நுனி, பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு, உள்பக்கம் பாத வளைவுக்கு மேலே உள்ள எலும்பு. வீங்கிய சதையில் அல்ல, எலும்பின் மேல். எங்காவது சுருக்கென்று வலித்தாலோ, நாலு அடி முடியாவிட்டாலோ எக்ஸ்ரே. உங்கள் வீட்டம்மா சொல்வது சரி.

அம்மாவிடம் சொல்லுங்கள், அடிபட்ட முதல் நாள் சூட்டுப்பற்று வேண்டாம், வீக்கம் கூடும். துணியில் சுற்றிய ஐஸ்தான்.

வயக்காடு:

டிங்சர் பற்றி ஒன்று சேர்க்கிறேன். நான் விவசாயி. பார்த்தீனியம் பிடுங்கினால் கையும் கழுத்தும் தடித்துச் சிவந்துவிடும். இரண்டு வருடம் முன்பு தோள்வலிக்கு ஆர்னிகா டிங்சர் தேய்த்தேன். மறுநாள் தோள் முழுக்கக் கொப்புளம். தோல் டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, பார்த்தீனியம் சேராதா என்பதுதான். சாமந்தி, சூரியகாந்தி, பார்த்தீனியம், ஆர்னிகா எல்லாம் ஒரே குடும்பமாம். தோள்வலி போனதா என்று கேட்காதீர்கள், அரிப்பில் அது ஞாபகமே இல்லை.

நொச்சி இலை:

கல்லாப்பெட்டி ஐயா, 19 வருடம் விற்றுவிட்டு இப்போது இப்படிச் சொல்கிறீர்களே.

கல்லாப்பெட்டி:

விற்கும்போது வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கடையை 19 வருடம் நடத்தியிருக்க முடியாது, அம்மா.

ஷட்டில்காரன்:

எல்லோருக்கும் நன்றி. நாலு அடி நடக்க முடிந்தது. ஆனால் ஓரத்து எலும்பை அழுத்தியதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எக்ஸ்ரே எடுத்தோம். பாதத்தில் சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துணுக்கு பிய்ந்திருக்கிறது. அறுவை வேண்டாமாம். கெட்டியான அடிப்பாகம் உள்ள பூட்ஸ் மாதிரி ஒன்றைக் கொடுத்திருக்கிறார்கள், ஆறு வாரம். ஷட்டில் கிடையாது.

மச்சான் இரவு போன் செய்தார். விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், 'எலும்பு என்றால் அது சிம்பைட்டம் கேஸ் மாப்பிள்ளை, நாளைக்கே கொரியரில் போடுகிறேன்' என்றார்.