நான்கு வயது பிளக்-இன் ஹைபிரிட் வேகனா, புதிய மின்சார எஸ்யூவியா?

நீலவண்டி:

வணக்கம். வீட்டில் பல வாரங்களாக ஓடும் விவாதம் இது. ஒரு பக்கம் நான்கு வயதான ஸ்கோடா சூப்பர்ப் காம்பி ஐவி, பிளக்-இன் ஹைபிரிட் வேகன்: பெட்ரோல் எஞ்சினோடு பிளக்கில் சார்ஜ் செய்யும் சின்ன பேட்டரியும் உள்ள, நீளமான டிக்கி கொண்ட தாழ்வான கார். மறுபக்கம் புதிய கியா இவி3, முழு மின்சார எஸ்யூவி, 58.3 கிலோவாட்மணி (மின்கட்டணத்தில் வரும் ‘யூனிட்’தான்) பேட்டரி உள்ளது. இவி3 விலை கூடுதல்தான், ஆனால் எட்டிவிடும் தொலைவில் இருக்கிறது.

அலுவலகம் போய்வர 35 கிலோமீட்டர். கார் நிறுத்தும் இடத்தில் சாதாரண பிளக் பாயின்ட் உண்டு. மாதம் ஒருமுறை 420 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் அம்மா வீட்டுக்குப் போவோம். பல முறை அவரையும் கூட்டிக்கொண்டு திரும்புவோம். அவருக்கு முழங்கால் வலி, மடக்கும் சக்கர நாற்காலி எப்போதும் உடன் வரும். வழியில் எங்கும் காத்து நிற்கக் கூடாது, வேகனே சரி என்கிறார் என் கணவர். எனக்கு மனம் மின்சாரக் காரில் இருக்கிறது. ஆனால் அம்மாவை உட்கார வைத்துக்கொண்டு சார்ஜர் தேடி அலைய முடியாது. இரண்டையும் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:

சகோதரி, இரண்டு வகையும் என் பட்டறைக்கு வருகின்றன. எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நீங்கள் பார்க்கும் வேகன் முந்தைய தலைமுறை. பேட்டரி 13 கிலோவாட்மணி என்று எழுதியிருக்கும். பயன்பாட்டுக்குக் கிடைப்பது சுமார் 10.4. நிதானமாக ஓட்டினால், மிதமான வானிலையில், 40 முதல் 45 கிலோமீட்டர் மின்சாரத்தில் போகலாம். உங்கள் தினசரி ஓட்டம் 35. கணக்கு சரியாகத்தான் வருகிறது, ஆனால் கையிருப்பு மிகக் குறைவு. குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டாலோ, வழியில் கடைக்குத் திரும்பினாலோ பெட்ரோல் எஞ்சின் விழித்துக்கொள்ளும். அதைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது வேறு: அந்தச் சின்ன பேட்டரி ஒவ்வொரு நாளும் கிட்டத்தட்ட முழுதாக வடிந்து முழுதாக நிரம்பும். இவி3-இல் அதே 35 கிலோமீட்டருக்கு பேட்டரியில் எட்டில் ஒரு பங்குதான் இறங்கும். ஒவ்வொரு நாளும் அடிவரை வடியும் பேட்டரி சீக்கிரம் களைத்துப்போகும். பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. நீங்கள் வாங்கும் வண்டியில் அதில் பாதிக் காலம் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

இன்னொன்று, ஹைபிரிட் என்றால் இரண்டு வண்டிகளின் பராமரிப்பு. எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆயில் மாற்ற வேண்டும். ஸ்பார்க் பிளக், பெல்ட், சைலன்சர் எல்லாம் இருக்கின்றன, கூடவே உயர் மின்னழுத்த பாகங்களும் இருக்கின்றன.

ஹைபிரிட்டை நான் வெறுப்பவன் அல்ல. தவறாமல் பிளக் போடுகிறவர் கையில் அது அருமையான வண்டி. ஆனால் பலர் போடுவதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, 2021-இல் பதிவான கார்களில் உள்ளேயே பதிவாகும் எரிபொருள் கணக்கை எடுத்துப் பார்த்தது. பிளக்-இன் ஹைபிரிட்டுகளின் உண்மையான கார்பன் உமிழ்வு, சோதனைக்கூட அளவைப் போல் சராசரியாக 3.5 மடங்கு. வாங்கும்போது பட்டியலில் போட்டிருக்கும் மைலேஜை நம்பிக் கணக்குப் போடாதீர்கள் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

உங்களிடம் பிளக் பாயின்ட் இருக்கிறது, தினமும் போடவும் தயார். அப்படிப்பட்டவருக்கு முழு மின்சாரக் கார்தான் பொருந்தும் என்பது என் முடிவு.

நெடுவழி:

பட்டறைக்காரர் ஐயா சொன்ன பேட்டரி விஷயம் சரி. நெடும்பயணத்தைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. சகோதரியின் கவலையே அதுதான்.

எஸ்யூவி உயரமான வண்டி. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுத்தடை நான்கு மடங்காகும். ஆகவே நெடுஞ்சாலையில் 110, 120 வேகத்தில் போகும்போது 100 கிலோமீட்டருக்கு 20 கிலோவாட்மணி என்று வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை நிரப்பிக் கிளம்பினால், 15 சதவீதம் மிச்சம் வைத்து, 240 கிலோமீட்டரைத் தாண்டி ஓர் இடத்தில் நிற்க வேண்டும். அங்கே 80 சதவீதம் வரை ஏற்ற அரை மணி நேரம் போதும். 80 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் படுத்துவிடும், காத்திருக்காதீர்கள். மீதி தொலைவை ஓட்டி முடிக்கும்போது ஐந்தில் ஒரு பங்கு கையில் இருக்கும். ஆக, ஒரே ஒரு நிறுத்தம். முழங்கால் வலி உள்ள ஒருவரோடு 420 கிலோமீட்டர் போகிறவர்கள் அந்த அரை மணி எப்படியும் நிற்பார்கள்.

கடுங்குளிர் நாளில் இரண்டு முறை நிற்க வேண்டியிருக்கும். அதையும் ஏற்றுக்கொண்டே முடிவெடுங்கள். ஒரே ஒரு சார்ஜர் இருக்கும் இடத்தை நம்பிப் போகாமல், நான்கைந்து சார்ஜர்கள் சேர்ந்திருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். அம்மா வீட்டில் சாதாரண பிளக்கில் இரவு முழுக்கப் போட்டால் 100 கிலோமீட்டர் ஏறும். இரண்டு இரவு தங்கினால் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும்.

ஆனாலும் இதே பயணத்தை வாரந்தோறும் போகிறவராக இருந்தால் வேகனைத்தான் சொல்வேன். தாழ்வான உடல், அமைதியான ஓட்டம், நீளமான டிக்கி. அதற்கு ஈடாக இந்த விலையில் எஸ்யூவி எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நீலவண்டி:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டிக்கியைப் பற்றி: வேகனில் 510 லிட்டர், இவி3-இல் 460 என்று பார்த்தேன். பெரிய வித்தியாசம் இல்லையே?

பட்டறைக்காரர்:

லிட்டரை விடுங்கள், நீளத்தையும் விளிம்பின் உயரத்தையும் பாருங்கள். பெட்ரோல் மட்டும் ஓடும் சூப்பர்ப் காம்பியில் 660 லிட்டர் இருந்தது. ஹைபிரிட்டில் 510 ஆகச் சுருங்கிவிட்டது. அப்படியும் தரை நீளமானது, மடக்கிய நாற்காலி படுத்தவாக்கில் உள்ளே போகும், பெட்டிகள் பக்கத்தில் நிற்கும். இவி3-இல் அந்த நாற்காலியை நிமிர்த்தி வைக்க வேண்டி வரலாம், அல்லது ஒரு பக்க இருக்கையை மடக்க வேண்டி வரலாம். நாற்காலியைக் கையோடு ஷோரூமுக்கு எடுத்துப் போய் வைத்துப் பாருங்கள்.

அம்மாவையும் அழைத்துப் போங்கள். வேகன் இருக்கை தாழ்ந்திருக்கும். உட்காரும்போது உடல் எடை முழுவதும் முழங்காலில் இறங்கும், எழும்போது யாராவது கை கொடுத்து இழுக்க வேண்டும். எஸ்யூவி இருக்கை ஏறக்குறைய இடுப்பு உயரத்தில் இருப்பதால் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினால் போதும். எனக்கு இந்த ஒரு காரணமே பெரிது. கதவு எவ்வளவு அகலமாகத் திறக்கிறது, பிடித்துக்கொள்ள மேலே கைப்பிடி இருக்கிறதா என்பதையும் அவரே தொட்டுப் பார்க்கட்டும்.

நீலவண்டி:

ஞாயிற்றுக்கிழமை அவரையும் நாற்காலியையும் கூட்டிக்கொண்டு போகிறோம். கடைசியாக ஒன்று: 58 கிலோவாட்மணி பேட்டரிக்குச் சாதாரண பிளக் போதுமா? சுவர் சார்ஜர் கட்டாயம் என்கிறார்களே?

நெடுவழி:

காலியான பேட்டரியைச் சாதாரண பிளக்கில் நிரப்ப ஒரு நாளைக்கு மேல் ஆகும், உண்மை. ஆனால் அன்றாடம் நீங்கள் திரும்ப ஏற்ற வேண்டியது அன்று செலவான ஏழு கிலோவாட்மணியைத்தான். மூன்று நான்கு மணி நேரத்தில் ஏறிவிடும். பயணத்துக்கு முந்தைய இரண்டு இரவுகளில் நிரப்பிக்கொள்ளுங்கள். முதல் சில மாதங்கள் பிளக்கிலேயே ஓட்டிப் பாருங்கள், தேவைப்பட்டால் சுவர் சார்ஜர் போடலாம்.

பட்டறைக்காரர்:

அதற்கு முன் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த இணைப்பைச் சோதிக்கச் சொல்லுங்கள். மணிக்கணக்கில் தொடர்ந்து சுமை இழுக்கும்போது பழைய சாக்கெட் சூடாகி உருகும். அந்தப் பாயின்டுக்குத் தனி வயர், மின்கசிவைக் கண்டு துண்டிக்கும் சுவிட்ச், சரியான எர்த் மூன்றும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் வயர் எக்காரணம் கொண்டும் வேண்டாம்.