முதல் ரோட் பைக்: ஓட்டிய கார்பனா, புதிய அலுமினியமா?

புதுச்சக்கரம்:

வணக்கம். இரண்டு வருடமாகச் சாதாரண கியர் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். விடுமுறை நாளில் 40 கிலோமீட்டர் வரை ஓட்டுவேன். அதைத் தாண்டினால் உள்ளங்கையும் சுண்டுவிரலும் மரத்துப்போகின்றன. வளைந்த ஹேண்டில்பார் வைத்த ரோட் பைக் வாங்கப் பணம் சேர்த்துவிட்டேன். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். விலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலாவது, ஒருவர் ஓட்டிவிட்டு விற்கும் கார்பன் பந்தய வண்டி. எட்டரை கிலோ. ரிம் பிரேக் (சக்கர விளிம்பைப் பிடிப்பது), 23 மி.மீ. டயர், முன்பக்கப் பல்சக்கரங்கள் 53/39 பல், பின்பக்கம் 11 முதல் 25 பல் வரை (11-25). இரண்டாவது, புதிய அலுமினிய வண்டி. பத்தரை கிலோ. கேபிளில் இயங்கும் டிஸ்க் பிரேக் (சக்கர நடுவில் உள்ள தட்டைப் பிடிப்பது), 32 மி.மீ. டயர், முன்பக்கம் 50/34, பின்பக்கம் 11-34, ஷிமானோ நிறுவனத்தின் கிளாரிஸ் கியர் தொகுப்பு, பின்பக்கம் எட்டு கியர்.

என் எடை 74 கிலோ. நான் போகும் பாதையில் நான்கு கிலோமீட்டர் ஏற்றம் ஒன்று இருக்கிறது. நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் உயரும். அதில் பாதியில் இறங்கித் தள்ளுகிறேன். அது மனதை உறுத்துகிறது. எதை வாங்கலாம்?

வேகவழி:

தயங்காமல் கார்பன் வண்டியை எடுங்கள். எட்டு வருடத்துக்கு முன் நானும் இதே குழப்பத்தில் இருந்தேன். "ஆரம்பத்துக்கு இது போதும்" என்று எல்லோரும் சொன்னதைக் கேட்டு, கையில் பணம் இருந்தும் அடிமட்ட வண்டியை எடுத்தேன். பதினோரு மாதத்தில் மனம் விட்டுப்போனது. பாதி விலைக்கு விற்றுவிட்டு, முதலில் ஆசைப்பட்டதையே வாங்கினேன். இருமுறை செலவு, ஒரு வருடம் வீண்.

எட்டு கியர் வண்டியில் பல்சக்கரங்களுக்கு நடுவே இடைவெளி அதிகம். சீரான வேகத்தில் போகும்போது ஒரு கியர் கனமாக இருக்கும், அடுத்தது காலைப் பதறவைக்கும், நடுவில் எதுவும் இருக்காது. அதோடு, இரண்டு கிலோ குறைந்த வண்டியை ஏற்றத்தில் மிதித்துப் பாருங்கள், அப்போது புரியும்.

மேட்டுவழி:

நண்பர் சொன்ன "இருமுறை செலவு" உண்மையான வலிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கிலோவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆள், வண்டி, தண்ணீர் எல்லாம் சேர்த்து 85 கிலோ. அதில் 2 கிலோ என்பது நூற்றுக்கு இரண்டரைகூட இல்லை. இந்த ஏற்றத்தை மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் ஏறினால் அரை மணி நேரம் ஆகும். எடை குறைவதால் மிஞ்சுவது முக்கால் நிமிடத்துக்கும் குறைவு.

கியரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.1 மீட்டர் நகரும். முன்னால் 39, பின்னால் 25 பல் என்றால் பெடலை ஒருமுறை சுற்றினால் வண்டி 3.28 மீட்டர் போகும். 34-க்கு 34 என்றால் 2.1 மீட்டர். அதே 8 கிலோமீட்டர் வேகத்தில் முதல் வண்டியில் நிமிடத்துக்கு 41 சுற்றுதான் மிதிக்க முடியும். இரண்டாவதில் 63. நாற்பது சுற்று என்றால் ஒவ்வொரு மிதியிலும் படிக்கட்டு ஏறுவதுபோல் உடல் எடையை முழங்காலில் இறக்குகிறீர்கள். நீங்கள் இறங்கித் தள்ளுவதற்கு மூச்சோ வண்டியின் எடையோ காரணமாக இருக்காது என்று நினைக்கிறேன். உங்கள் பழைய வண்டியின் மிகச் சிறிய, அதாவது மிதிக்க மிக லேசான கியர் என்ன என்று பல்லை எண்ணிச் சொல்லுங்கள்.

வேகவழி:

எடைக்கு மதிப்பில்லை என்றால் சர்வதேச சைக்கிள் சம்மேளனம் பந்தய வண்டிக்கு 6.8 கிலோ என்று கீழ்வரம்பு வைத்திருப்பது எதற்கு? கியர்தான் பிரச்சினை என்றால் அதை மாற்றிக்கொள்ளலாம். பின்பக்கத்தை 11-28 ஆக்குங்கள், முன்பக்கக் கிராங்கை (பெடல் தண்டும் பல்சக்கரமும் சேர்ந்த பகுதி) 50/34 ஆக்குங்கள். ஃப்ரேமை அப்படி மாற்ற முடியாது. முதலில் நல்ல ஃப்ரேமை வாங்கிக்கொண்டு மற்றதைக் காலப்போக்கில் சரிசெய்வதுதான் புத்திசாலித்தனம்.

மேட்டுவழி:

பந்தயத்தில் சில வினாடிகள் வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கும், அங்கே அந்த வரம்புக்குப் பொருள் இருக்கிறது. இவர் கேட்பது இறங்காமல் மேலே போய்ச்சேர்வது எப்படி என்று.

கிரீஸ்கை:

சைக்கிள் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். "ஃப்ரேமை மாற்ற முடியாது" என்று வேகவழி சொன்னது முற்றிலும் சரி. அந்த வாதம் எந்த வண்டிக்குச் சாதகம் என்பதில்தான் நான் மாறுபடுகிறேன்.

23 மி.மீ. டயர் காலத்துப் பந்தய ஃப்ரேம்களில் பெரும்பாலும் 25-க்கு மேல் டயர் நுழையாது. 28 போட்டால் பிரேக்கிலோ, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கின் உச்சியிலோ உரசும். டிஸ்க் பிரேக் பொருத்த அந்த ஃப்ரேமில் இடமே கிடையாது. எவ்வளவு செலவு செய்தாலும் மாறாது. மாறாக, அலுமினிய வண்டியில் நாளை பத்து கியர் வேண்டுமென்றால் போடலாம், நல்ல சக்கரம் போடலாம். கியரை மாற்றலாம் என்பதும் அவ்வளவு சுலபமில்லை. குட்டைக் கை வைத்த பழைய பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் மாற்றும் கருவி) 28 பல்லோடு நின்றுவிடும். கிராங்கை மாற்றினால் பாட்டம் பிராக்கெட் (ஃப்ரேமின் அடியில் கிராங்க் சுழலும் அச்சுப் பகுதி) பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும், முன் டிரெய்லியரைக் கீழே இறக்கிக் கட்ட வேண்டும்.

இன்னொன்று. போன மழைக்காலத்தில் ஒருவர் "லேசாக டிக் டிக் என்று சத்தம் வருகிறது" என்று கார்பன் வண்டியைக் கொண்டுவந்தார். வெளியில் பெயிண்ட் பளபளவென்று இருந்தது. சீட் கம்பியை உருவிவிட்டு, கிளாம்ப் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்தேன். துடைத்த இடத்தில் துணியின் நூல் ஒன்று மாட்டிக்கொண்டது. விரல் நகத்தை ஓட்டினால் அங்கே தடுக்கியது. டார்ச் அடித்துப் பார்த்தால் முடி அளவுக்கு ஒரு கோடு, கிளாம்ப்பிலிருந்து கீழே மூன்று விரல்கடை நீளத்துக்கு ஓடியிருந்தது. முன்பு யாரோ போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். அவர் அந்த வண்டியை வாங்கி ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அவருக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஓட்டிய கார்பனை வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை. சீட் கம்பியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றியும் ஹேண்டில் குழாயின் (ஃப்ரேமின் முன்பக்கம் ஹேண்டில் நுழையும் குழாய்) அடியிலும் பாருங்கள். நாணயத்தால் வரிசையாகத் தட்டிக்கொண்டே வாருங்கள், ஓரிடத்தில் மட்டும் சத்தம் மழுங்கினால் சந்தேகப்படுங்கள். செயினை 12 அங்குலத்துக்கு அளந்து பாருங்கள். 1/16 அங்குலம் நீண்டிருந்தால் செயின் போய்விட்டது, 1/8 நீண்டிருந்தால் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும். கழற்றிக் காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

நெடுந்தூரம்:

இவ்வளவு பேர் எழுதியிருக்கிறீர்கள், அவர் முதல் பத்தியிலேயே சொன்ன மரத்துப்போகும் கையை யாரும் தொடவில்லையே! சுண்டுவிரல் மரத்துப்போவது உள்ளங்கையின் வெளி ஓரத்தில் ஓடும் நரம்பு நசுங்குவதால். வண்டி அவர் உடம்புக்கு நீளமாக இருந்தாலோ, சீட் முன்பக்கம் சரிந்திருந்தாலோ எடை முழுவதும் கைக்குப் போகும். பந்தய ஃப்ரேமில் ஹேண்டில்பார் இன்னும் தாழ்வாகவும் தூரமாகவும் இருக்கும். இந்தக் கையோடு அதில் ஏறினால் 40 கிலோமீட்டர்கூடத் தாங்காது.

நான் முதலில் வாங்கியது என் உயரத்துக்கு இரண்டு அளவு பெரிய வண்டி. நல்ல விலைக்கு வருகிறதே என்று எடுத்தேன். ஹேண்டில்பாரைத் தாங்கும் ஸ்டெம்மை 110 மி.மீ.யிலிருந்து 80-க்குக் குறைத்தேன், சீட்டை முன்னால் தள்ளினேன். கழுத்துவலி தோளுக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். ஆறு மாதம் அந்த வண்டியை வெறுத்தேன். சரியான அளவில் வாங்கிய இரும்பு வண்டியில் பிறகு ஒரே நாளில் 200 கிலோமீட்டர் போனேன்.

இரண்டு வண்டிகளுக்கும் ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகளைத் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹேண்டில் குழாயின் உச்சி எவ்வளவு உயரம் என்பது ஸ்டாக், எவ்வளவு முன்னால் என்பது ரீச். எஸ், எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள், தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும்.

புதுச்சக்கரம்:

பல்லை எண்ணினேன். என் வண்டியின் மிகச் சிறிய கியர் 42-க்கு 28. மேட்டுவழி ஐயா ஊகித்ததுதான். அளவுகளும் கிடைத்தன. கார்பன் வண்டி: ஸ்டாக் 530 மி.மீ., ரீச் 391. அலுமினியம்: ஸ்டாக் 571, ரீச் 378. அப்படியென்றால் ஹேண்டில் 4 செ.மீ. உயரமாகவும் ஒரு செ.மீ.க்கு மேல் கிட்டத்திலும் இருக்கிறது, சரியா?

இன்னொரு கேள்வி. ஷூவைப் பிடித்துக்கொள்ளும் பூட்டும் பெடலும் அதற்கான ஷூவும் இப்போதே வாங்கிவிடவா?

வேகவழி:

பெடல் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். முதல் நாளிலிருந்தே பூட்டும் பெடலில் பழகுங்கள். லுக் நிறுவனம் 1984-இல் கொண்டுவந்த பூட்டும் பெடலில் பிரெஞ்சு வீரர் பெர்னார் இனோ அடுத்த ஆண்டே டூர் தே பிரான்ஸ் பந்தயத்தை வென்றார். அதற்குப் பிறகு பந்தய உலகம் வார் கட்டிய பெடலுக்குத் திரும்பவே இல்லை. கால் ஒரே இடத்தில் நிற்கும், மேடுபள்ளத்தில் நழுவாது. தட்டைப் பெடலில் ஒரு வருடம் ஓட்டினால் காலைக் கண்டபடி வைக்கும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும்.

நெடுந்தூரம்:

புதிய ஹேண்டில், புதிய கியர் லீவர், குனிந்த உட்காரும் நிலை என்று மூன்றையும் ஒன்றாகப் பழகும்போது நான்காவதாகக் காலையும் பூட்ட வேண்டாம். சிக்னலில் நின்றதும் காலை எடுக்க மறந்து அப்படியே பக்கவாட்டில் சாய்ந்து விழுவது எல்லோருக்கும் ஒருமுறையாவது நடக்கும். பக்கத்தில் பஸ் வரும் சாலையில் அது நடக்கக் கூடாது. இரண்டு மூன்று மாதம் தட்டைப் பெடலில் ஓட்டுங்கள். அப்புறம் எஸ்.பி.டி. என்ற இரண்டு போல்ட் வகைப் பூட்டும் பெடலும் ஷூவும் வாங்குங்கள். அதன் இரும்புத் துண்டு ஷூவின் அடிக்குள் புதைந்திருக்கும், கடைக்குள் நடந்து போகலாம். மூன்று போல்ட் வகையில் வாத்து நடைதான்.

அந்தப் பணத்தை இப்போது இதற்குச் செலவிடுங்கள்: இ.என். 1078 (ஐரோப்பியத் தரம்) அல்லது சி.பி.எஸ்.சி. (அமெரிக்கத் தரம்) முத்திரை உள்ள ஹெல்மெட், பஞ்சு வைத்த அரைக்கால் சட்டை, முன்விளக்கு, பின்விளக்கு, மாற்று டியூப், டயர் லீவர், பம்பு. ஹெல்மெட்டை மட்டும் யாரிடமும் பழையதாக வாங்காதீர்கள், ஒருமுறை அடிபட்டால் உள்ளிருக்கும் நுரை நசுங்கிவிடும், வெளியில் தெரியாது. அரைக்கால் சட்டைக்குள் உள்ளாடை போடக் கூடாது. இதைச் சொல்லக் கூச்சப்பட்டு யாரும் எனக்குச் சொல்லவில்லை, தையல் உரசி உரசித் தொடையில் புண்ணான பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

வேகவழி:

ஸ்டாக் அளவைப் பார்த்த பிறகு கார்பன் வண்டிக்காக வாதாடப் போவதில்லை. மரத்துப்போகும் கைக்கு 4 செ.மீ. பெரிய வித்தியாசம், அதை நான் கவனித்திருக்க வேண்டும். ஆனால் எட்டு கியர் குறித்து நான் சொன்னது நிற்கிறது. அந்தப் பின்பக்கத்தில் 26 பல்லிலிருந்து நேரே 34-க்குத் தாவ வேண்டும். ஏற்றத்தின் நடுவில் 26 கனமாகவும் 34 லேசாகவும் இருக்கும்போது என்னை நினைத்துக்கொள்வீர்கள். மூன்று மாதம் பொறுத்து, இதே ஃப்ரேமில் ஷிமானோவின் பத்து கியர் டியாக்ரா தொகுப்போ அதற்கு மேல் 105 என்ற தொகுப்போ உள்ள மாதிரி வருகிறதா என்று பாருங்கள்.

கிரீஸ்கை:

அந்தத் தாவலை நானும் மறுக்கவில்லை. ஆனாலும் எட்டு கியர் செயினும் பல்சக்கரமும் மலிவு, சிறிய இடத்திலும் கிடைக்கும், கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் கியர் சரியாக மாறும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு மூன்று மாதம் காத்திருப்பதைவிட மூன்று மாதம் ஓட்டுவது மேல்.

புதுச்சக்கரம்:

நேற்று இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். கார்பன் வண்டியை மிதித்ததும் பாய்ந்தது. வேகவழி அண்ணா சொன்ன அந்த மகிழ்ச்சி உண்மை, பொய் சொல்ல மாட்டேன். கால் மணி நேரத்தில் சுண்டுவிரலில் ஊசி குத்தத் தொடங்கியது. அலுமினிய வண்டியில் முக்கால் மணி நேரம் போனேன், கை ஒன்றும் செய்யவில்லை. ஏற்றத்தையும் ஏறிப் பார்த்தேன். 34 பல்லில் மெதுவாக, மிக மெதுவாக, ஆனால் உச்சிவரை இறங்கவில்லை. நடுவில் 26-க்கும் 34-க்கும் இடையே கால் ஒரு கியரைத் தேடியதும் உண்மைதான் அண்ணா. முன்பணம் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை வண்டி வருகிறது. முதல் நாளே செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

கிரீஸ்கை:

இருக்கிறது. 32 டயருக்கு உங்கள் எடையில் ஏறத்தாழ 60 பி.எஸ்.ஐ. காற்றழுத்தம் போதும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருப்பது உச்ச வரம்பு, அதுவரை அடிக்காதீர்கள். சீட்டில் உட்கார்ந்து, பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அந்த உயரத்தில் சீட் கம்பியில் ஒரு துண்டு டேப் ஒட்டுங்கள், யார் இறக்கினாலும் திரும்ப வைக்கலாம். புது டிஸ்க் பிரேக் முதலில் சரியாகப் பிடிக்காது. வண்டிகள் வராத சாலையில் வேகமெடுத்து, நடை வேகம் வரும்வரை சீராகப் பிடித்து விடுங்கள். சக்கரம் பூட்டக் கூடாது, முழுவதும் நிற்கவும் கூடாது. முன் பிரேக்குக்கு இருபது முறை, பின் பிரேக்குக்கு இருபது முறை. அதற்குப் பிறகு அந்த ஏற்றத்தின் மறுபக்கம் இறங்குங்கள், அதுவரை வேண்டாம்.