புதுப்பிப்பு: பழைய புல்வெட்டும் டிராக்டரை மாற்றியாச்சு

போன மாதம் எழுதியிருந்தேன்: புல்வெட்டும் டிராக்டர் நினைத்த இடத்தில் நின்றுவிடுகிறது, கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியும் பலனில்லை, புதிது வாங்கலாமா என்று. வாங்கிவிட்டேன்.

முதலில் குதிரைத்திறனை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அதை விடுங்க, டிரான்ஸ்மிஷனைப் பாருங்க" என்று ஒருவர் சொன்னது கண்ணைத் திறந்தது. விலை குறைந்த ரகங்கள் பலவற்றில் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷனுக்கு (என்ஜினின் விசையை எண்ணெய் அழுத்தம் வழியாகச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் பாகம்) எண்ணெய் மாற்ற வழியே வைத்திருப்பதில்லை. சரிவில் தொடர்ந்து ஏறினால் எண்ணெய் சூடாகி நீர்த்துப்போய் இழுவை குறைந்துவிடும். என் நிலத்தில் பாதி சரிவு. அதனால் எண்ணெய் மாற்றக்கூடிய, கொஞ்சம் கனமான டிரான்ஸ்மிஷன் உள்ளதையே எடுத்தேன். காசு கூடத்தான். (15 டிகிரிக்கு மேல் சரிவு இருந்தால் ஓட்டக்கூடாது என்கிறது கையேடு. அந்த ஒரு மூலையைக் கையால்தான் வெட்டவேண்டும்.)

வெட்டும் அகலத்தில் 54 அங்குலம் ஆசை காட்டியது. வண்டி நுழையவேண்டிய கேட்டின் அகலத்தை அளந்தேன், ஆசை அடங்கியது. 42 அங்குலம். புல் வெளியேறும் மூடி பக்கவாட்டில் நீட்டிக்கொண்டிருக்கும், அதையும் சேர்த்து அளந்துகொள்ளுங்கள்.

அப்புறம் பழையதின் கதை. கொடுத்து அனுப்பும் முன் சும்மா கழற்றிப் பார்த்தால், குற்றவாளி சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச்! ஆள் இறங்கினால் என்ஜினை அணைப்பது அதன் வேலை. வயர் தேய்ந்துபோய், வண்டி குலுங்கும்போதெல்லாம் ஆள் இல்லை என்று நினைத்து அணைத்திருக்கிறது.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை.