புதுப்பிப்பு: சிங்கப்பூரில் மகளின் தொடக்கநிலை ஒன்று (முதல் வகுப்பு) பதிவு

வீட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால் இருக்கும் பெயர்பெற்ற பள்ளிக்கு, பள்ளியோடு முன்தொடர்பு இல்லாதவர்களும் விண்ணப்பிக்கக்கூடிய 2சி கட்டத்தில் விண்ணப்பிக்கலாமா என்று சென்ற மாதம் இங்கே கேட்டிருந்தேன். விண்ணப்பித்தோம், இடம் கிடைக்கவில்லை.

குலுக்கலில் தோற்றிருந்தால்கூட மனம் ஆறியிருக்கும். ஒரு கிலோமீட்டருக்குள் வசிக்கும் குடிமக்களுக்கே முன்னுரிமை என்பதாலும், அவர்களது விண்ணப்பங்களே இருந்த இடங்களைத் தாண்டிவிட்டதாலும், கணினிக் குலுக்கல் அந்த வட்டத்தோடு முடிந்து, எங்கள் பெயர் அதில் சேரவே இல்லை. 2022 முதல் இக்கட்டத்திற்கென ஒதுக்கப்படும் இடங்கள் 20இலிருந்து 40ஆக உயர்ந்திருந்தும் இதுதான் நிலைமை.

நாத்தனார் வீட்டு முகவரியைக் கொடுக்கச் சொன்னவருக்கு நன்றி. ஆனால் பதிவு தொடங்கும் நாளிலிருந்து குறைந்தது 30 மாதங்கள் பிள்ளை அந்த முகவரியில் உண்மையாகவே வசிக்க வேண்டும் என்பது விதி, பொய் சொல்ல எனக்கு மனமும் இல்லை. அந்தப் பள்ளியில் தொண்டூழியம் செய்து முந்தைய கட்டத்திலேயே விண்ணப்பித்திருக்கலாமே என்று மாமியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தைய ஆண்டே சேர்ந்து 40 மணி நேரம் உழைத்திருக்க வேண்டும்.

2சியில் இடம் கிடைக்காதவர்களுக்கான துணைக் கட்டத்தில், எதிர்ப் புளோக்கைத் தாண்டியதும் வரும் அக்கம்பக்கப் பள்ளியில் இடம் கிடைத்துவிட்டது. செய்தியை மின்தூக்கியில் வைத்து மகளிடம் சொன்னேன். அங்கே உணவகத்தில் கோழிச்சோறு உண்டா என்று மட்டும் கேட்டாள்.