எருமை புல்லைத் தின்றதா, இல்லையா?

குளத்துமேடு:
"எருமைகளை வெளியேற்றிய பிறகுதான் பரத்பூர் பறவைகளுக்கு நிம்மதி" என்று நாமக்கோழி நேற்று எழுதியதைப் படித்தேன். நிம்மதியாம்! 1982-இல் ராஜஸ்தானின் பரத்பூரில் உள்ள கேவலாதேவ் ஈரநிலத்தைத் தேசியப் பூங்காவாக்கி மேய்ச்சலை நிறுத்தினார்கள். எதிர்த்த கிராமத்தார் மேல் போலீஸ் சுட்டது, உயிர்கள் போயின. அதன் பலன்? மேய ஆளில்லாமல் பாஸ்பாலம் புல் ஆழமில்லாத நீர்ப்பரப்பை மூடிவிட்டது. வாத்து எங்கே நீந்தும்? தடையை ஆதரித்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகமே, பல வருட ஆய்வுக்குப் பிறகு எருமை மேய்ந்ததால் ஈரநிலத்துக்கு நன்மைதான் என்றது.

நாமக்கோழி:
தேசியப் பூங்காவில் மேய்ச்சலுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. கருவேலங்கன்றுகளை மாடு தின்று தீர்த்தால் நாரை எதில் கூடு கட்டும்?

குளத்துமேடு:
மாடு என்று நான் எங்கே சொன்னேன்? எருமை! நீரில் இறங்கி மேய்வது அது. புல்லைத் தின்றதா, இல்லையா? அதற்குப் பதில் வரட்டும்.

எதிர்க்காற்று:
தண்ணீரே இல்லாத இடத்தில் புல்லைப் பற்றி என்ன சண்டை? பூங்காவுக்கு நீர் தரும் அஜான் அணைக்கு வர வேண்டிய நீர், ஆற்றின் மேலே உள்ள பாஞ்சனா அணையோடு நின்றது. விவசாயிகள் விடமாட்டோம் என்றார்கள். கடைசியில் கோவர்தன் வடிகாலிலிருந்து குழாய் போட வேண்டியதாயிற்று.

குளத்துமேடு:
பேச்சை மாற்றாதீர்கள். தண்ணீர் வந்தாலும் புல் மூடினால் யாருக்கு லாபம்? எருமை தின்றதா, இல்லையா?

நாமக்கோழி:
அப்படியானால் மேய்ச்சல் நடந்த காலத்திலேயே சைபீரியப் பெருங்கொக்கு குறைந்துகொண்டு வந்ததே, அது எப்படி? 2002-க்குப் பிறகு ஒன்றுகூட வரவில்லை. அதையும் எருமை காப்பாற்றியிருக்குமோ?

குளத்துமேடு:
அது வரும் வழியெல்லாம் வேட்டை. பரத்பூர் என்ன செய்யும்? சரி, போன மாதம் நீர்க்காகத்தைப் பாம்புத்தாரா என்று படம் போட்டவர் கொக்குக்குக் கணக்குச் சொல்கிறார்!

நாமக்கோழி:
படம் தெளிவாக இல்லை என்று அன்றைக்கே எழுதினேன். இன்னும் அதைச் சொல்லிக்கொண்டு திரிகிறீர்களே.

எதிர்க்காற்று:
இந்தப் பூங்காவே மகாராஜா வாத்து சுடுவதற்கு ஏற்படுத்திய இடம். 1938-இல் வைஸ்ராய் லின்லித்கோ வந்த ஒரே நாளில் 4,273 பறவைகள் செத்தன, கல்வெட்டே இருக்கிறது. அதையெல்லாம் தாங்கிய இடத்துக்கு எருமையால் ஆபத்தாம்.

குளத்துமேடு:
அதைத்தான் நானும் சொல்கிறேன்.

எதிர்க்காற்று:
இல்லை, நான் சொல்வது தண்ணீரை.

நாமக்கோழி:
பூங்காவுக்குள் இன்றைக்கும் மாடுகள் திரிகின்றன. அப்புறம் ஏன் புல் குறையவில்லை?

குளத்துமேடு:
மறுபடியும் மாடு! எழுத்துக்கூட்டிச் சொல்லட்டுமா? எ... ரு... மை. தடைக்குப் பிறகு கிராமத்தாருக்குப் புல் அறுக்க அனுமதிச் சீட்டு கொடுத்தார்களே, எதற்கு? எருமை செய்த வேலையை மனிதர் அரிவாளோடு செய்யத்தான். புல்லைத் தின்றதா, இல்லையா?

நாமக்கோழி:
சட்டப் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள்.